புதன்கிழமை ஈரத்தலை

போன வருஷம் செப்டம்பர் கடைசி வாரம், ஒரு புதன்கிழமை காலை. மும்பையில் தாராவியும் சயானும் ஒட்டுகிற இடத்தில் இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்தின் கேட். மழை இதோ போகிறேன், அதோ போகிறேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

அந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வீடு சுனாபட்டியில். நாலரைக்கு எழுந்து, சமைத்து, மாமனாருக்கு மாத்திரைகளை எடுத்து வைத்து, கணவருக்கும் மகனுக்கும் சாப்பாட்டு டப்பா கட்டி, பஸ்ஸைப் பிடித்து ஆறே முக்காலுக்குள் கேட்டில் நிற்க வேண்டும். கணக்குப் பாடமெல்லாம் அப்புறம்தான். முதல் வேலை கேட் டியூட்டி.

கேட் டியூட்டி என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள்? கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதில் ஊக்கு, கறுப்பு ரிப்பன், ரப்பர் பேண்டு. உள்ளே வரும் பெண்பிள்ளைகளை ஒவ்வொருத்தியாக நிறுத்திப் பார்க்க வேண்டும். துப்பட்டாவில் இரண்டு பக்கமும் ஊக்கு குத்தியிருக்கிறதா, சடை இரட்டைச் சடையா, மடித்துக் கட்டியிருக்கிறதா, ரிப்பன் கறுப்பா, கமீஸ் முட்டிக்குக் கீழே இறங்குகிறதா, கண்ணில் மை இருக்கிறதா, கையில் வளையல் இருக்கிறதா. பார்த்துப் பார்த்து எனக்கே போதும் போதும் என்றாகிவிடும். பையன்களுக்கு இவ்வளவு கிடையாது. முடி காலரைத் தொடக்கூடாது, ஷூ கறுப்பாக இருக்க வேண்டும், சட்டையை உள்ளே விட வேண்டும். தீர்ந்தது. ஸ்கூல் டைரியில் பையன்களுக்கு மூன்று வரி, பெண்களுக்கு ஒரு முழுப் பக்கம். அந்தப் பக்கத்தை டைப் அடித்துக் கொடுத்ததே நான்தான். அடிக்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஸ்பெல்லிங் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

என் வகுப்பில் ஒரு பெண். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், ஆனால் பிறந்தது வளர்ந்தது எல்லாம் தாராவிதான். கணக்கில் கெட்டிக்காரி. இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி, கையில் பிடித்தால் அடங்காது. வெள்ளிக்கிழமை ஆனால் போதும், ஈரத்தலையோடு நுனியில் ஒரு முடிச்சை மட்டும் போட்டுக்கொண்டு, பெல் அடிக்கிற நேரத்தில் மூச்சு வாங்க ஓடி வருவாள். எட்டாவது படிக்கும் அவள் தம்பி அதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே தலையைப் படிய வாரிக்கொண்டு உள்ளே போயிருப்பான்.

வெள்ளிக்கிழமை ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ் வீடுகளில் பெண்கள் தலைக்குக் குளிக்கிற நாள் அது. ஆண்களுக்குச் சனிக்கிழமை. எங்கள் பள்ளிக்குச் சனிக்கிழமை லீவு. ஆக, பையன் லீவு நாளில் ஆற அமரக் குளிக்கிறான், பெண் பள்ளிக்கூட நாளில் ஓடி ஓடிக் குளிக்கிறாள். இதைக்கூட அந்தச் சம்பவத்துக்கு அப்புறம்தான் யோசித்தேன்.

அவள் ஒருமுறை காரணம் சொன்னாள்.

"தண்ணி அஞ்சு மணிக்கு வந்து ஆறு மணிக்கு நின்னுடும் டீச்சர். நான் டிரம் எல்லாம் ரொப்பணும். அப்பா குளிச்சு, தம்பி குளிச்சு, அப்புறம்தான் எனக்கு மோரி கெடைக்கும். ஈரத்தோட இறுக்கிப் பின்னினா நாத்தம் வருது, தலை வேற வலிக்குது."

மோரி என்றால் தெரியுமல்லவா, ஒற்றை அறை வீட்டின் மூலையில் கால் சுவர் எழுப்பித் திரை போட்டிருக்கும் குளிக்கிற இடம். ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். எனக்கு அது தெரியாததா? இருந்தாலும், "எல்லார் வீட்டுலயும்தான் தண்ணி வருது, நீ மட்டும் என்ன புதுசா?" என்று சொல்லி, லேட் ரிஜிஸ்டரில் அவள் பெயரை எழுதினேன். ஒரு தடவை இல்லை, பல வெள்ளிக்கிழமைகள்.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். காலையிலேயே வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. பாதி வெந்த சாதத்தை இன்டக்‌ஷன் அடுப்புக்கு மாற்றி ஒப்பேற்றிவிட்டு வந்திருந்தேன். முதுகு நனைந்திருந்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. யார் மேல் எரிந்து விழலாம் என்று காத்துக்கொண்டிருந்த மாதிரிதான் கேட்டில் நின்றேன். அவள் வந்தாள். ஈரத்தலை, நுனி முடிச்சு.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. சுற்றிலும் பையன்கள் உள்ளே போய்க்கொண்டிருக்கிறார்கள். பாதிப் பேர் தமிழ்ப் பையன்கள், அதிலும் அவள் சந்துப் பையன்கள். நான் தமிழிலேயே உரக்கக் கேட்டேன்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லையே! புதன்கிழமை எதுக்குடி தலைக்குக் குளிச்ச?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். அவள் தம்பி திரும்பிப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டான். அவள் பேசாமல் நின்றது எனக்குத் திமிராகப் பட்டது.

"சடை போட முடியலன்னா வெட்டிட்டு வா. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்றேன்.

அப்புறம் வழக்கம்போல ரிஜிஸ்டரை எடுத்து அவள் பெயரை எழுதினேன். முதல் பீரியடுக்குப் போகிற வழியிலேயே சொன்னதை மறந்துவிட்டேன். ஒரு நாளைக்கு இப்படி எத்தனை பேச்சுப் பேசுகிறோம்.

மறுநாள் வியாழக்கிழமை அவள் சீக்கிரமாகவே வந்துவிட்டாள். எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. அவ்வளவு முடியும் போயிருந்தது. காதுக்கு மேலே ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் இறங்கி, பின்னால் கழுத்துத் தெரிய ஒட்ட வெட்டியிருந்தாள். அவள் அம்மா ரெடிமேட் துணிப் பட்டறையில் நூல் பிசிறு வெட்டுகிறவர். வீட்டில் கிடந்த அவர் பழைய கத்தரியால், அவர் வேலைக்குப் போன பிறகு அவளே வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

என் முன்னால் வந்து நின்று, திரும்பிக் கழுத்தைக் காட்டினாள்.

"காலருக்கு மேலதான் இருக்கு டீச்சர். பசங்களுக்குப் போட்ட ரூல்படி சரிதானே? உள்ள போகலாமா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. கணக்கில் ஒரு ஸ்டெப் சரியா என்று கேட்பாளே, அந்தக் குரலில்தான் கேட்டாள். அந்த இடத்திலேயே அவளை ஓரமாக அழைத்துப் போய் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. பழக்க தோஷம், நேராக சூப்பர்வைசர் மேடம் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

மேடம் மராத்திக்காரர், கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. "யே க்யா கர்கே ஆயி ஹோ?" இதென்ன செய்துகொண்டு வந்திருக்கிறாய் என்று அதிர்ந்துபோய்க் கேட்டார். அவள், "டீச்சர்தான் வெட்டிட்டு வரச் சொன்னாங்க" என்று இந்தியில் சொன்னாள். மேடம் என்னைப் பார்க்க, நான் ஜன்னலைப் பார்த்தேன். சரி, அம்மா வரட்டும் என்று ஆளனுப்பினார்.

பதினோரு மணி வாக்கில் அவள் அம்மா பட்டறையிலிருந்து ஓடி வந்தார். புடவையில் அங்கங்கே வெள்ளை நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் விடிந்ததும் பட்டறைக்குப் போய்விடுகிறவர். மகளின் தலையை அப்போதுதான் பார்க்கிறார். வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரமாக நின்றுவிட்டார்.

மேடம் விஷயத்தைச் சொன்னார். இது வேண்டுமென்றே செய்த கீழ்ப்படியாமை. அவள், "நான் என் இஷ்டத்துக்குத்தான் வெட்டிக்கொண்டேன், இனி இப்படிச் செய்ய மாட்டேன்" என்று மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் திங்கட்கிழமை தொடங்கும் அரையாண்டுப் பரீட்சைக்கு உட்கார முடியாது.

"எழுத மாட்டேன். நானா வெட்டல. டீச்சர் சொன்னாங்க" என்றாள் அவள்.

மேடம் என் பக்கம் திரும்பினார். எல்லார் முன்னாலும் கேட்டார், நீங்கள் அப்படிச் சொன்னீர்களா என்று.

இப்போது சொல்வது வெட்கமாகத்தான் இருக்கிறது. எனக்கு அங்கே நிரந்தர வேலை இல்லை. ஒவ்வொரு வருஷமும் ஏப்ரலில் புதுப்பிக்க வேண்டும். மாணவியைப் பார்த்து முடியை வெட்டிக்கொண்டு வா என்று ஒரு டீச்சர் சொன்னாள் என்று சேதி வெளியே போனால் என்ன ஆகும் என்று அந்த ஒரு நொடியில் எல்லாம் மனசில் ஓடியது. சலிப்பில் சொன்னதுதானே, சொன்ன மாதிரி ஆகுமா என்று ஒரு சமாதானமும் கூடவே வந்தது.

"யாத் நஹி, மேடம்" என்றேன். நினைவில்லை என்று.

அந்தப் பெண் என்னைப் பார்க்கவே இல்லை. அவள் அம்மாதான் பார்த்தார். தாராவியில் இருபது வருஷமாக இருக்கிறவர், இந்தி புரியாதா? என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பளாரென்று அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டார்.

"ஏட்டி, டீச்சர் பொய் சொல்லுவாவளா? வெட்டிக்கிட்டதும் இல்லாம, அவிய மேலயே பழியைப் போடுதியா?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சுக்கோங்க டீச்சர். அறியாத புள்ள."

நான் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு நின்றேன். இதைவிடக் கேவலமாக நான் எங்கேயும் நின்றதில்லை.

அவள் அழவும் இல்லை, கடிதம் எழுதவும் இல்லை. கன்னம் சிவந்து வீங்கியிருந்தது. அம்மாவும் மகளும் முன்னும் பின்னுமாகப் போனார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். திடீரென்று கை நின்றுவிட்டது. புதன்கிழமை. எந்தத் தமிழ் வீட்டில், எந்தப் பெண் புதன்கிழமை காலங்கார்த்தால அவ்வளவு அவசரத்தில் தலைக்குக் குளித்துவிட்டு வருவாள்? மாதவிலக்காகி மூன்றாம் நாள் தலைக்குக் குளிக்காமல் வீட்டில் எதையும் தொடக்கூடாது என்றால் குளித்துத்தானே ஆக வேண்டும்? அதற்கு வெள்ளிக்கிழமை பார்த்து வர முடியுமா? நானும் அப்படிக் குளித்து, ஈரத்தலையோடு வகுப்புக்கு ஓடியவள்தான். அதைத்தான் அத்தனை பையன்களுக்கு நடுவே நின்று, எதுக்குடி என்று கேட்டிருக்கிறேன். அவள் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? ஐயோ, ஒரு நொடி யோசித்திருந்தால் போதுமே! இந்த ஊரில் வேறு எந்த டீச்சர் கேட்டிருந்தாலும் தெரியாமல் கேட்டாள் என்று விட்டுவிடலாம். எனக்கு அந்தச் சாக்குகூடக் கிடையாது. அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டவும் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நானும் தலைக்குக் குளித்துவிட்டு, உலர்த்த நேரமில்லாமல், நுனியில் ஒரு முடிச்சைப் போட்டுக்கொண்டு கேட்டில் போய் நின்றேன். வருஷக்கணக்காக எல்லா வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் நின்றிருக்கிறேன். என் தலையை நிறுத்திப் பார்க்க யாரும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் கேட்டுக்கு வெளியே, சுவரோரமாக யூனிஃபார்மில் நின்றிருந்தாள். கடிதம் இல்லாமல் உள்ளே விடக்கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு. அவள் தம்பி உள்ளே போனான். அவள் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் போனார்கள். ஈரம் சொட்டிய என் முடி நுனியை அவள் ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் ரோட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

கையிலிருந்த ஊக்கு டப்பாவை வாட்ச்மேன் மேஜையில் வைத்துவிட்டு மேடம் அறைக்குப் போனேன்.

"நான்தான் சொன்னேன் மேடம். நேற்று நினைவில்லை என்றது பொய்" என்றேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். எதற்கு இதைப் பெரிசாக்குகிறீர்கள், அவள் ஒரு வரி எழுதித் தந்தால் முடிந்துபோகும், நீங்கள் எழுதினால் உங்கள் ஃபைலுக்குப் போகும் என்றார். எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். போகட்டும் மேடம் என்று ஒரு தாளை வாங்கி, அவள் எழுத வேண்டிய மன்னிப்புக் கடிதத்தை என் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தைரியமெல்லாம் ஒன்றும் இல்லை. மேடம் படித்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். சரி, அவளை உள்ளே கூப்பிடுங்கள், பரீட்சை எழுதட்டும், முடி வளரும்வரை ஹேர்பேண்டு போட்டுக்கொண்டு வரட்டும் என்றார்.

கேட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன். குதிப்பாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவள் அசையவே இல்லை.

"அன்னைக்கு அப்படிக் கேட்டது என் தப்புதான்மா. வெட்டிட்டு வான்னு சொன்னதும் தப்பு" என்றேன்.

"நீங்க சொன்னதுகூடப் பரவாயில்ல டீச்சர். கோவத்துல எல்லாரும் சொல்றதுதான். ஞாபகம் இல்லன்னு சொன்னீங்க பாருங்க..." துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எக்ஸாம்ல உக்கார விடலன்னாக்கூட விடுங்க. எங்கம்மாகிட்ட நீங்க வந்து சொல்லணும். நான் பொய் சொல்லலன்னு சொல்லணும். நேத்துலேருந்து எங்கிட்ட அவங்க பேசல."

அன்று மத்தியானம் பள்ளி விட்டதும் அவள் பின்னாலேயே நடந்தேன். ஆள் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி வழிவிட வேண்டிய சந்து. மேலே தார்ப்பாயிலிருந்து மழைத்தண்ணீர் கழுத்தில் சொட்டியது. ஒரு மாடிப் பட்டறையில் ஏழெட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து சட்டைகளில் நூல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் அம்மா பதறி எழுந்து, மடியிலிருந்த துணியெல்லாம் கீழே விழ, "டீச்சர், நீங்களா! இங்ஙன எதுக்கு? உக்காருங்க" என்று ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ வாங்கிவரச் சொல்லி ஒரு பெண்ணைக் கிளப்பினார்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். உங்கள் பெண் சொன்னது நிஜம், வெட்டச் சொன்னது நான், நினைவில்லை என்றது பொய். எதற்கு அன்று தலைக்குக் குளித்தாள் என்று பையன்கள் முன்னால் கேட்டதையும் சொன்னேன். சொல்லும்போது மற்ற பெண்களின் கத்தரிச் சத்தமும் நின்றுவிட்டது.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மகளைப் பார்த்தார்.

"அப்போ நான் அடிச்சது?" என்றார்.

யாரைக் கேட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் வாசற்படியில் நின்று கால் விரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா போய் அவள் தலையில் கை வைத்தார். கோணல்மாணலாக வெட்டியிருந்த இடத்தைத் தடவினார். "பொம்பளப் புள்ளைக்கு மொதல்ல மோரிய வுடலாம்னு எனக்கும் தோணலையே" என்றார். "அப்பனுக்கும் தம்பிக்கும் ஆன பெறவுதான்னு வச்சது நான்தான. டீச்சரை மட்டும் சொல்லி என்ன?" பிறகு தன் கத்தரியை எடுத்து, அவளை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, ஒரு பக்கம் தூக்கியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்த முடியைச் சமமாக வெட்டிவிட ஆரம்பித்தார். வெட்டிக்கொண்டே அழுதார். அவளும் அப்போதுதான் அழுதாள். நான் அந்த டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். எப்படி இறங்கியது என்று கேட்காதீர்கள்.

அவள் பரீட்சை எழுதினாள். கணக்கில் எப்போதும்போல நல்ல மார்க். ஹேர்பேண்டு ஒரு வாரம் போட்டாள், அப்புறம் போடவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. என்னைக் கேட் டியூட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். தண்டனையாகத்தான் எடுத்தார்கள், எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஏப்ரலில் வேலையைப் புதுப்பித்தார்கள். கணக்கு எடுக்க வேறு ஆள் கிடைக்கவில்லை என்று கேள்வி.

டைரியில் அந்த முழுப் பக்கத்தை எடுத்துவிட்டு, பையன்களுக்கு இருக்கிற மூன்று வரியையே எல்லாருக்கும் போடலாமே என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் கேட்டுப் பார்த்தேன். அடுத்த மீட்டிங்கில் பேசலாம் என்றார்கள். அந்த அடுத்த மீட்டிங் இன்னும் வரவில்லை. ஜூனில் புது டைரி வந்தது, அதே பக்கம், அதே ரிப்பன். இப்போது வேறொரு டீச்சர் அந்த ஊக்கு டப்பாவோடு கேட்டில் நிற்கிறார். அவருக்கும் தூக்கம் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிகிறது. மீட்டிங்குக்கு மீட்டிங் நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சமயத்தில் எனக்கே அலுப்பாக இருக்கிறது.

அந்தப் பெண் இப்போது பத்தாவது. முடியை வளர்க்கவில்லை. அவளே விரும்பித்தான் கட்டையாக வைத்திருக்கிறாள். எதிரே பார்த்தால் குட்மார்னிங் சொல்கிறாள், சந்தேகம் கேட்கிறாள், ஆனால் முன்பு மாதிரி என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதில்லை. அது அவள் உரிமை, நான் கேட்டு வாங்க முடியாது. வெள்ளிக்கிழமை காலையில் அவசர அவசரமாக ஈரத்தலையை நுனியில் முடிந்துகொள்ளும்போதெல்லாம், ஒரு தாய் என் வார்த்தையை நம்பித் தன் பெண்ணை அறைந்துவிட்டு என்னைக் கும்பிட்டு நின்றது கண்முன் வந்து, என் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிடுகிறது.